விகிதம்

கணிதத்தில் விகிதம் என்பது ஒரே வகையைச் சேர்ந்த இரு அளவுகளுள் ஒன்று மற்றொன்றின் எத்தனை மடங்கு அல்லது எத்தனை பங்கு என்பதைக் காட்டும் ஒப்பீடு ஆகும். அ, ஆ என்னும் இரு அளவுகளின் விகிதம் அ : ஆ என எழுதப்படும். இதில் அ முன் உறுப்பு எனவும், ஆ பின் உறுப்பு எனவும் அழைக்கப்படும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இது ஆறாம் வகுப்பில் அறிமுகமாகிறது.

இரு அளவுகளும் ஒரே அலகில் இருத்தல் வேண்டும். 50 பைசாவுக்கும் 2 ரூபாய்க்கும் உள்ள விகிதம் 50 : 2 அன்று, 50 : 200, அதாவது 1 : 4 ஆகும்.

வேறுபாடும் விகிதமும்

கழித்துப் பெறும் ஒப்பீடும் வகுத்துப் பெறும் ஒப்பீடும் ஒன்றல்ல. தம்பிக்கு 2 வயது, அக்காவுக்கு 6 வயது எனில் வயது வேறுபாடு எந்நாளும் 4 ஆண்டுகளே. விகிதமோ இப்போது 1 : 3, நான்கு ஆண்டுகளுக்குப் பின் 6 : 10, அதாவது 3 : 5.

மாறாக, இந்தியத் தேசியக் கொடியின் நீள அகல விகிதம் 3 : 2 என வரையறுக்கப்பட்டுள்ளது. 90 செ.மீ. நீளக் கொடி 60 செ.மீ. அகலமும், 150 செ.மீ. நீளக் கொடி 100 செ.மீ. அகலமும் கொண்டிருக்கும். வேறுபாடு 30இலிருந்து 50 ஆகிறது, விகிதம் மாறுவதில்லை.

விகிதமும் பின்னமும்

3 : 4 என்னும் விகிதத்தை 3/4 என்னும் பின்னமாக எழுதலாம். எனவே விகிதங்களை ஒப்பிடப் பின்னங்களை ஒப்பிடும் முறையே போதும். 3 : 4, 5 : 7 ஆகியவற்றுள் பெரியது எது எனக் காண, பகுதிகளைச் சமமாக்கினால் 21/28, 20/28 என்றாகும், முன்னதே பெரிது.

எனினும் இந்தப் பின்னம் எதனுடைய பங்கு என்பதில் பிழை நேர்வது மிகுதி. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் 4 : 1 எனக் கொள்வோம். உளுந்து அரிசியில் 1/4 பங்கு. மொத்தத்தில் 1/5 பங்கு. மொத்தம் 10 ஆழாக்கு வேண்டுமெனில் உளுந்து 2 ஆழாக்கு. மொத்தத்தில் 1/4 எனக் கருதி 2½ ஆழாக்கு உளுந்து எடுத்தால் அரிசி 7½ ஆழாக்காகி, விகிதம் 3 : 1 ஆகிவிடும். இப்பிழை மாணவரிடம் மட்டும் காணப்படுவதன்று. கிருமிநாசினியை 1 : 3 என நீரில் கலக்கச் சொன்னால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் என்பதே முறையான பொருள், கரைசலில் மருந்து 1/4. மொத்தம் மூன்று பங்கு எனப் பொருள் கொள்பவர் இரண்டு பங்கு நீரே சேர்ப்பார். மருந்து 1/3 ஆகிவிடும்.

வரலாறு

யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் ஐந்தாம் பகுதி விகிதக் கோட்பாட்டைக் கூறுகிறது. ஆரியபட்டரின் ஆரியபட்டீயம் (கி.பி. 499), தெரிந்த மூன்று அளவுகளிலிருந்து நான்காவதைக் காணும் திரைராசிகம் என்னும் விதியைத் தருகிறது.

தமிழரின் பழைய பின்ன அளவுகளில் அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 ஆகும். இவை அனைத்தும் முந்திரியின் முழு மடங்குகளாதலால் தனியே பொதுப் பகுதி தேட வேண்டியதில்லை. அரைக்கால் 40 முந்திரி, மா 16 முந்திரி. எனவே இவற்றின் விகிதம் 5 : 2.