அறிகுறியற்ற நாட்பட்ட ஹெபடைடிஸ் பி: நீண்டகாலப் போக்கு

ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் 6 மாதங்களுக்கு மேலாக இரத்தத்தில் காணப்பட்டும், நோய்க்குறி எதுவும் வெளிப்படாத நிலை. முன்னர் இந்நிலையினர் 'நலமான நோய்க்கடத்திகள்' எனப்பட்டனர். பொய்யான நிம்மதி தரும் அச்சொல் இன்று வழக்கொழிந்து வருகிறது.

எதிர்காலம் பெரிதும் தொற்றிய வயதைப் பொறுத்தது. பிறப்பின்போது தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டினரிடம் அது நாட்படுகிறது. வளர்ந்தோரில் 5 விழுக்காட்டுக்கும் குறைவே. தைவானில் 22,707 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர் பீஸ்லியின் குழுவினர், வைரஸ் உடையோருக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏனையோரைவிட 200 மடங்குக்கும் அதிகம் என 1981இல் அறிவித்தனர். மாறாக, வைரஸ் உடைய வட இத்தாலியக் குருதிக் கொடையாளர்களிடம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நடந்த ஆய்வில் ஆயுள் குறையவில்லை. தைவானில் தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நேர்ந்ததும், இத்தாலியக் கொடையாளர்களின் கல்லீரல் நொதிகள் பெரும்பாலும் இயல்பாக இருந்ததும் இவ்வேறுபாட்டை விளக்க உதவுகின்றன.

வைரஸ் அளவு கூடக்கூட கல்லீரல் இழைநார் வளர்ச்சிக்கும் புற்றுநோய்க்குமான வாய்ப்பு கூடும். ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காட்டினரிடம் மேற்பரப்புப் புரதம் தானே மறைகிறது. ஆயினும் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்களில் தங்கிவிடுவதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளால் தொற்று மீண்டெழலாம். எனவே வாழ்நாள் முழுதும் காலமுறைக் குருதிச் சோதனை இன்றியமையாதது.