முன்பாட்டு

காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் கும்மி அடித்தால் ஆயாதான் முன்பாட்டு எடுப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அதை என்னிடம் விட்டாள். கற்றுக்கொள்ள மூன்று பொங்கல் பிடித்தது.

முதல் வருஷம் அடுத்த அடியை யோசித்து நின்றுவிட்டேன். ஒரே ஒரு தட்டுதான் தவறியது; வட்டத்தில் இருந்தவர்களின் கைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. “பாட்டு மறந்தா பழைய அடியையே பாடு, கைய மட்டும் விட்ராத” என்றாள் ஆயா. மற்றவர்கள் அடியைத் திருப்பிப் பாடும்போதே மூச்சு வாங்கி, அடுத்ததை நாக்கில் வைத்திருக்க வேண்டும். கும்மிப்பாட்டில் அடியின் நடுவே ஒரு சின்னச் சொல் தனியாக நிற்கும். அதைச் சற்றே தூக்கிப் பாடினால் எல்லாருடைய காலும் திரும்பும்.

அமெரிக்கச் சதுர ஆட்டத்தில் நான்கு ஜோடிகள் ஆட, அடுத்து என்ன செய்வது என்று ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் முன்பாட்டுக்காரி அப்படி எதையும் ஏவுவதில்லை. குரல் ஏறுவதும் இறங்குவதும்தான் சொல்.

இந்தப் பெண்கள் வட்டம் எவ்வளவு பழசு என்பதை அறியச் சிதம்பரம் போனால் போதும். பெண்கள் ஆடிக்கொண்டே பாடுவதாக அமைந்த திருவாசகத்தின் திருச்சாழல், தில்லை என்ற இந்தச் சிதம்பரத்தில் பிறந்தது என்பது மரபு. ஒரு பெண் சிவனைக் குறை சொல்லிக் கேட்க, இன்னொருத்தி பதில் சொல்வாள். இருபது பாட்டும் சாழல் என்ற சொல்லில் வந்து முடியும். பேச்சே வராத ஈழத்து அரசன் மகளை மாணிக்கவாசகர் பதில் சொல்ல வைத்த கதையோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். வாய் திறக்காத பெண்ணுக்கு ஆட்டப்பாட்டில் குரல் வந்தது என்பதை நான் முழுதாக நம்புகிறேன். என் குரலும் அப்படித்தான் வந்தது.

கும்மிப்பாட்டு எழுதிய வள்ளலாரும் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்தவர்தான். வடலூரில் அவர் தருமச்சாலை தொடங்கிய 1867-லேயே அவருடைய பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவும் முதன்முதல் அச்சேறியது. அவர் பாடியவற்றில் ‘சண்முகர் கொம்மி’ ஒன்று. கொம்மி என்றாலும் கும்மிதான். தெருவில் நின்று கேட்ட காதுக்கே அந்த நடை வரும் என்பது என் எண்ணம். ஆயா போன பிறகுதான் அதைப் படித்தேன். கையைத் தட்டிக்கொண்டு, அவள் மெட்டிலேயே பாடிப் பார்த்தேன். நடுவே அந்தச் சின்னச் சொல் வந்தது. உட்கார்ந்திருந்த என் கால் திரும்பியது.