கைக்கருவியும் வீட்டுக்கருவியும்: ஓர் இணைப்பின் வரலாறு

கண்டிக் கிராமங்களிற் புத்தாண்டுக் காலத்தே சிங்களப் பெண்கள் ஆடும் ‘ஒலிந்த கெலிய’வும் நமது பல்லாங்குழியும் ஓரினத்தவை. பலகையைத் திண்ணையில் வைப்பினும் அறையில் வைப்பினும் ஆட்டம் ஒன்றே. மின்னணு ஆட்டங்களுக்கோ இவ்வொருமை நெடுங்காலம் வாய்க்கவில்லை.

கியோத்தோ நகரில் 1889இல் சீட்டுத் தயாரிப்புடன் தோன்றிய நிண்டெண்டோ நிறுவனம், 1983இல் தொலைக்காட்சியோடு பொருத்தும் ‘ஃபமிகொம்’ கருவியையும் 1989இல் ‘கேம் போய்’ எனும் கைக்கருவியையும் வெளியிட்டது. இரண்டிற்கும் ஆட்டங்கள் தனித்தனியே ஆக்கப்பட்டன.

2017 மார்ச் 3இல் வெளிவந்த ‘ஸ்விட்ச்’ இப்பிரிவினையை நீக்கியது. இரண்டிடத்தும் இயங்குவது மட்டுமே அதன் தனித்தன்மை எனல் பொருந்தாது. சேகாவின் ‘நோமாட்’ 1995இலேயே கையிலும் தொலைக்காட்சியிலும் இயங்கிற்று. ஆயின் அது முன்னரே வழக்கிலிருந்த வீட்டுக்கருவியொன்றின் சுருக்கமே. ஆறு மின்கலங்களைச் சில மணிநேரத்தில் விழுங்கியும் விடும். நிண்டெண்டோவின் ‘வீ யூ’ (2012) கையில் ஒரு திரையைத் தந்து, மூளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டது. அது தோற்றமை வியப்பன்று. ஸ்விட்சில் மூளை முழுவதும் கைத்திரைக்குள்ளேயே உள்ளது. தாங்கியோ படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பி மின்னூட்டுவதோடு அமையும். அந்நிலையிற் கருவி சற்று விரைந்து இயங்கும் என்பதே வேறுபாடு.

இம்மாற்றத்தின் வேர், வீட்டுக்கருவி, கைக்கருவி ஆகியவற்றை உருவாக்கிய பிரிவுகளை 2013இல் ஒன்றிணைத்த தலைவர் சத்தோரு இவாத்தாவின் முடிவில் உளது. அவர் 2015இல் மறைந்தார். கருவி வெளிவந்ததைக் காணவில்லை.