தூரமும் தெரிவும்: குச்சவெளியை முன்வைத்து ஒரு நோக்கு

பிள்ளைக்கேற்ற பாடசாலையைத் தெரிதல் பெற்றோரின் விருப்பத்தை மாத்திரம் பொறுத்ததெனத் தோன்றலாம். ஆயின், பணம், சமயம், தூரம் என்னும் மூன்றும் அவ்விருப்பத்துக்கு எல்லை வகுத்து வந்தமையை ஈழத்துக் கல்வி வரலாறு உணர்த்துகின்றது. திருகோணமலை நகருக்கு வடக்கே, 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், தமிழரும் முஸ்லிம்களும் வாழும் குச்சவெளி இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் சுயமொழிப் பாடசாலைகள் கட்டணமின்றி நடைபெற்றன. உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகளோ கட்டணம் அறவிட்டன. எனவே முதலிற் தெரிவு செய்தது பெற்றோரன்று, பணமே எனலாம். ஆங்கிலக் கல்வியிற் பெரும்பகுதி மிசனரிமாரின் கையில் இருந்தமையாற் சமயமும் குறுக்கிட்டது. இந்நிலைக்கு மாற்றாக 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். திருகோணமலையில் 1923இல் ஸ்ரீ சண்முக வித்தியாலயம் பெண்களுக்கெனத் தோன்றிற்று. 1925 தொடக்கம் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்த இந்துக் கல்லூரியின் வளர்ச்சியிற் சுவாமி விபுலானந்தரின் பணி குறிப்பிடத்தக்கது. எனினும் இவையாவும் நகரிலேயே அமைந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளற்பாலது.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கன்னங்கராவின் பெருஞ்சாதனையாகும். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசுடைமையாக்கின. பணமும் சமயமும் இட்ட தடைகள் இவ்வாறு பெரிதும் தளர்ந்தன. தூரமோ தளரவில்லை. கட்டணம் இல்லாதொழிந்தும் பேருந்துச் செலவும் விடுதிச் செலவும் எஞ்சின. உறவினர் வீடு நகரில் இல்லாத மீனவனுக்கும் கமக்காரனுக்கும் நகரக் கல்லூரியின் கதவு திறந்திருந்தும் எட்டாததாயிற்று. பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு அது மேலும் எட்டாததாயிற்று. போர்க்காலமும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் இத்துயரைப் பெருக்கின. 2009இல் இறக்கக்கண்டியிற் புதிய பாலம் திறக்கப்பட்டமை பயணத்தை இலகுவாக்கியது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் கிராமத்துப் பிள்ளைக்கு மேற்பாடசாலையை அடைய வழி திறந்தது உண்மையே. ஆயினும் திறமை மிக்க பிள்ளை வெளியேறுந்தோறும் ஊர்ப்பாடசாலை தன் வலிமையில் ஒரு பங்கை இழக்கின்றது. எஞ்சிய பிள்ளைகளுக்குத் தெரிவு மேலும் குறுகுகின்றது.

ஆகவே, எப்பாடசாலை சிறந்ததென ஆராயும் உரிமை மாத்திரம் தெரிவாகாது. ஊர்ப்பாடசாலையிற் போதிய ஆசிரியரும் ஆய்வுகூடமும் இருக்கையில், நகருக்கு அனுப்புவதும் அனுப்பாமல் விடுவதும் பெற்றோரின் உண்மையான தெரிவாகும். அதுவரை குச்சவெளிப் பிள்ளையின் பாடசாலையைத் தெரிவது தூரமே.