குதிரைக்கும் குருகுலம்

இளங்குதிரையை முதன்முதலாக மனிதனைச் சுமக்கப் பழக்குவது எப்படி என்று கேட்டால், நம்மில் பலருக்கும் சாட்டைதான் நினைவுக்கு வரும். அடக்குவதே பழக்குவது என்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் தவறானது என்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்த ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் ஆதென்ஸ் நகரத்து ஸெனபோன், சாக்ரடீஸின் மாணவர், போர்வீரர், வரலாற்றாசிரியர். குதிரையேற்றத்தைப் பற்றி இளைய நண்பர்களுக்கென்று அவர் எழுதிய சிறு நூல் இன்றும் நமக்கு முழுமையாகக் கிடைக்கிறது.

அக்காலக் கிரேக்கரிடம் சட்டமிட்ட சேணம் இல்லை. கால் ஊன்ற அங்கவடியும் இல்லை. வெறும் முதுகிலோ துணிவிரிப்பின் மேலோ அமர்ந்து, தொடைப்பிடி ஒன்றையே நம்பிப் போர் செய்தனர். குதிரை மிரண்டால் வீரன் மண்ணில் வீழ்வான். களத்தில் வீழ்ந்தவன் மீள்வது அரிது. கி.மு. 401-இல் பாரசீகப் பேரரசின் நடுவே, தலைவர்களை இழந்து கலங்கி நின்ற கிரேக்கக் காலாட்படைக்கு ஊக்கமூட்டிய ஸெனபோன், பகைவரின் குதிரைவீரர் நமக்கு மட்டுமன்றிக் கீழே விழுவதற்கும் அஞ்சுகின்றனர் என்று எடுத்துக்காட்டினார். ஆகவே, குட்டியின் அச்சத்தைப் போக்குவது அவருக்கு விளையாட்டன்று. உயிர் காக்கும் கலை.

அவர் கூறும் முறையைப் பாருங்கள். மகனை ஒரு தொழில் கற்க அனுப்பும் தந்தை செய்வதுபோல, குட்டி என்னென்ன கற்று வரவேண்டும் என்று எழுதி உடன்பட்ட பின்னரே அதனைப் பயிற்றுநரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, வீட்டிலேயே அது மனிதனை நேசிக்கக் கற்றிருக்க வேண்டும். பசியும் தாகமும் தனிமையில் வருபவை. உணவும் நீரும் மனிதன் கையால் வருபவை என்று அது உணர வேண்டும். அது விரும்பும் இடங்களைத் தடவிக் கொடுக்க வேண்டும். பின்னர்க் கூட்டத்தினூடே நடத்திச் சென்று, பலவகைக் காட்சிகளுக்கும் ஓசைகளுக்கும் பழக்க வேண்டும்.

ஒரு பொருளைக் கண்டு அது மிரண்டால் அடிக்கலாகாது. அடித்தால், அப்பொருளே தனக்கு வலி தந்தது என்று எண்ணி மேலும் அஞ்சும். மனிதன் முதலில் தானே அப்பொருளைத் தொட்டுக் காட்டி, பிறகு குதிரையை மெல்ல அருகே அழைத்துச் செல்ல வேண்டும். சினத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அவர் வகுத்த தலையாய விதி.

இவ்வளவு கற்றும் போரின் கொடுமை அவர் இல்லத்தை விட்டுவைக்கவில்லை. கி.மு. 362-இல் மான்டினியாவில் நடந்த குதிரைப்படைப் போரில் அவருடைய மகன் கிரில்லஸ் உயிர் துறந்தான்.

ஸெனபோன் கண்ட பேரரசுகள் மறைந்தன. குதிரைப்படைகளின் காலமும் கழிந்தது. எனினும், அச்சத்தால் கற்பித்தது ஆபத்து வேளையில் கைவிடும். நம்பிக்கையால் கற்பித்ததே துணை நிற்கும் என்று அச்சிறு நூல் காட்டும் உண்மை நிலைத்திருக்கிறது. கற்கும் பருவத்தினராகிய நீங்களும், நாளை கற்பிக்கும் இடத்தில் அமரும்போது, அதனை மறவாதிருத்தல் வேண்டும்.