மெல்ல அமுக்கு!

'பஸ் கம்ப்ரஸர்' என்றதும், ஏர்பிரேக்கில் 'புஸ்'ஸென்று சீறும் டவுன் பஸ் உங்கள் நினைவுக்கு வந்தால் தப்பே இல்லை. இரண்டு பஸ்ஸுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். பயணிகள் எல்லோரும் ஏறுவது ஒரு பஸ். டிரம், கிடார், வயலின், குரல் என்று தனித்தனியாகப் பதிவான ஒலிகள் எல்லாம் ஏறிக்கொண்டு ஒன்றாகப் போகும் மின்பாதை இன்னொரு பஸ். அந்தப் பாதையின் கடைசி ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும் ஓர் 'அமுக்கி'யின் கதை இது.

நள்ளிரவில் டி.வி.யில் படம் பார்க்கிறீர்கள். கதாநாயகி ஏதோ முணுமுணுக்கிறாள். ரிமோட்டை எடுத்து சத்தத்தை ஏற்றுகிறீர்கள். அடுத்த விநாடி வெடிகுண்டு! பதறிப்போய்க் குறைக்கிறீர்கள். இந்த ரிமோட் வேலையை மின்னல் வேகத்தில் தானாகச் செய்வதுதான் கம்ப்ரஸர். அவ்வளவுதான் விஷயம்.

இது கலைக்காகப் பிறந்த கருவி அல்ல. ரேடியோ நிலையங்களில் சத்தம் எகிறினால் ஒலிபரப்பு கரகரக்கும். இசைத்தட்டு வெட்டும்போது எகிறினால் பள்ளம் கன்னாபின்னாவென்று வளைந்து, வீட்டில் ஊசி துள்ளும். அதைத் தடுக்க வந்த காவல்காரன்தான் இவன். எஸ்டோனியாவில் பிறந்த ரெயின் நார்மா என்ற பொறியாளர் 1959ல் வடிவமைத்த 'ஃபேர்சைல்ட் 670'ல் மட்டும் 20 வால்வுகள்; எடை ஏறக்குறைய 30 கிலோ! காவல்காரன் கை வைத்தால் பாட்டு இன்னும் அழகாகிறதே என்று ஒலிப்பதிவாளர்கள் கண்டுகொண்டது பிறகுதான்.

இப்போது இங்கிலாந்துக்கு வாருங்கள். 1969ல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே காலின் சாண்டர்ஸ் என்பவர் 'சாலிட் ஸ்டேட் லாஜிக்' (சுருக்கமாக எஸ்.எஸ்.எல்.) என்ற கம்பெனி ஆரம்பித்தார். எதற்குத் தெரியுமா? சர்ச்சுகளில் இருக்கும் பிரமாண்ட பைப் ஆர்கன்களுக்கு எலெக்ட்ரானிக் ஸ்விட்ச் செய்ய! அங்கிருந்து ஒலிக்கலவை மேஜைக்குத் தாவி, எழுபதுகளின் பிற்பகுதியில் 4000 வரிசையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கம்ப்ரஸர். அது போதாதென்று, மொத்தப் பாட்டுக்கும் சேர்த்து மேஜையின் நடுவில் ஒன்று. இதுதான் நம்ம ஆள்.

இந்த மேஜை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம். 1979, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம் வாசிக்கிறார். கலைஞர்கள் பேசுவது இந்தப் பக்கம் கேட்பதற்காக உள்ளே ஒரு மைக். அதற்கும் மேஜையில் ஒரு முரட்டு கம்ப்ரஸர் உண்டு. ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்காம் அந்த மைக்கைத் திறந்தபோது டிரம் இடி மாதிரி வந்து விழுந்தது! எண்பதுகளின் டிரம் சத்தமே அதற்குப் பிறகு மாறிப்போனது. இன்னொரு வேடிக்கை: 2005ல் அதே பீட்டர் கேப்ரியல் அந்தக் கம்பெனியையே கூட்டாளியோடு சேர்ந்து வாங்கிவிட்டார். அதைப் பார்க்க சாண்டர்ஸ் இல்லை. 1998ல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டார்.

சரி, நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த அமுக்கி என்ன செய்கிறது? ஒரே ஓடத்தில் ஐந்து பேர் போகிறீர்கள். ஒருவர் குதித்தால் எல்லோரும் ஆடுவீர்கள் இல்லையா? அதேதான். டிரம் ஓங்கி அடிக்கும்போது குரல், கிடார், வயலின் எல்லாம் ஒரு துளி சேர்ந்து இறங்கி, சேர்ந்தே எழுகின்றன. தனித்தனியாகப் பதிவானவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்பது போல ஒரு பிரமை. இதைத்தான் 'பசை' என்கிறார்கள்.

அந்த மேஜை பல லட்சம் டாலர். பெரிய ஸ்டுடியோக்களுக்குத்தான் கட்டுப்படியாகும். கம்ப்யூட்டர் வந்து இந்தக் கோட்டையை உடைத்தது. 2006ல் 'வேவ்ஸ்' என்ற இஸ்ரேல் கம்பெனி, எஸ்.எஸ்.எல். அனுமதியோடு இதை ப்ளக்-இன் மென்பொருளாக வெளியிட்டது. 2013ல் 'ஏபிள்டன் லைவ் 9' மென்பொருளோடு இதே பாணியில் ஒன்று சேர்ந்தே வந்தது. இரும்பும் கம்பியும் போய் வெறும் கணக்கு. மாடி அறையில் லேப்டாப் வைத்திருக்கும் பையனும் அந்த ஊசி ஆடுவதைப் பார்க்கலாம்.

அங்கேதான் ஆபத்தும். அமுக்க அமுக்க, மொத்தச் சத்தத்தை இன்னும் ஏற்றலாம். சத்தமாக இருப்பதை நம் காது 'நன்றாக இருக்கிறது' என்று நம்பிவிடும். கம்ப்ரஸரும் அதன் முரட்டு அண்ணன் லிமிட்டரும் சேர்ந்து சி.டி.களை ஒரே இரைச்சலாக்கின. 2008ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' வந்தபோது, அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' வீடியோ கேமில் அவ்வளவு நசுக்கப்படாமல் இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'மறுபடி மிக்ஸ் பண்ணுங்கள்' என்று பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்! ஸ்பாட்டிஃபை போன்றவை பாட்டுகளின் சத்தத்தை அளந்து சமப்படுத்த ஆரம்பித்த பிறகு, இப்படி நசுக்கியும் பெரிய லாபமில்லை என்றாகிவிட்டது.

நீங்களும் முயன்று பார்க்கலாம். விகிதம் 4:1 வையுங்கள். அதாவது எல்லையை 8 டெசிபல் தாண்டிய சத்தம் 2 டெசிபல்தான் தாண்டும். அட்டாக் 10 அல்லது 30 மில்லிசெகண்ட். அப்போதுதான் டிரம்மின் முதல் அடி நசுங்காமல் தப்பிக்கும். ரிலீஸ் ஆட்டோ. ஊசி இரண்டு, மூன்று டெசிபலுக்கு மேல் ஆட வேண்டாம்.

முக்கியமான விஷயம்: அமுக்கியதற்கு முன்பும் பின்பும் சத்தத்தின் அளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ப்ளக்-இன்னை அணைத்து, போட்டு, அணைத்துக் கேளுங்கள். அணைத்த பாட்டுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொன்னால், கூச்சப்படாமல் அணைத்தே வையுங்கள்.