கரைவலையும் தொடைப் பின்தசையும்

சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த உடப்பு, திரௌபதை அம்மன் தீமிதிப்பினாலும் கரைவலைத் தொழிலினாலும் அறியப்பட்ட ஊராகும். அம்பாப் பாடல்களின் சந்தம் ஆய்வாளரை ஈர்த்த அளவுக்கு, அச்சந்தத்துக்கு அடிவைத்துப் பின்னோக்கி நடந்த கால்கள் ஈர்க்கவில்லை. கயிற்றைப் பற்றி உடலைச் சாய்த்து, குதியை மணலில் ஊன்றி இழுப்பவரின் பாரத்தில் பெரும்பங்கைப் பிட்டத் தசைகளும் தொடையின் பின்தசைகளும் ஏற்கின்றன. பின்தசைகள் மூன்றும், உட்காரும்போது உடலைத் தாங்கும் இடுப்பெலும்பு முனைப்பிலே தொடங்குவன. இடுப்பு மடிந்து முழங்கால் நிமிர்ந்த நிலையில் கால் வழுக்குமாயின், அம்முனைப்பை விட்டே தசைநாண் கிழிதலும் கூடும்.

இவ்விடத்து நோவை இனங்காணுதல் எளிதன்று. காலுக்கு இறங்கும் பெருநரம்பு அருகிலே செல்வதால், தசைநாணின் நோவும் நரம்பின் நோவும் ஒன்றாகவே தோன்றும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நோவைச் சித்த, ஆயுள்வேத மருத்துவங்கள் வாதத்தின்பாற் படுத்தின; எண்ணெயும் ஒற்றடமும் கட்டும் விதித்தன. இவை நோவைத் தணிப்பன என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் எலும்பை விட்டுப் பிரிந்த நாணை உருவுதலால் ஒட்டவைத்தல் இயலாது. புதிய கிழிவை அழுத்தித் தேய்த்தல் குருதிக் கசிவையும் மிகுவிக்கும்.

1847 இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு நினைக்கப்பட வேண்டியவர். அவர் முயற்சியால் 'இரணவைத்தியம்' 1867 இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் தமிழில் வெளிவந்தன. தசையையும் நரம்பையும் வேறுபிரித்து, நோயாளியின் மொழியிலேயே மருத்துவர் பேசுதற்கு அவை வழிசெய்தன. அவ்வழி பின்னாளில் தூர்ந்துபோனமை தமிழ்க் கல்வியுலகின் இழப்பேயாகும்.

மேலைநாட்டு மருத்துவமும் இதனை ஒரே நாளில் அறிந்துவிடவில்லை. பிட்டத்து நோவுக்குப் பின்தசை நாணின் இறுக்கமும் காரணமாகலாமெனப் பின்லாந்து மருத்துவரான புரானென், ஒராவா இருவரும் 1988 இலேயே எழுதினர். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என 1978 இல் சூத்திரம் வகுத்த கேப் மிர்க்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதிக்கலாமென 2014 இல் தாமே திருத்தினார். இவற்றினும் கருதத்தக்கது, சுவீடனைச் சேர்ந்த கார்ல் அஸ்க்லிங் குழுவினர் 2007 இல் வெளியிட்ட முடிவு. விரைந்தோடுகையில் காயமுற்றோர் பழைய நிலையை அடைய இடைநிலையாக 16 வாரங்கள் சென்றன. மெல்ல நீட்டுகையில் இடுப்பருகே காயமுற்ற நடனக்காரருக்கோ 50 வாரங்கள் சென்றன. தொடக்கத்தில் நோவு குறைந்திருந்தவர் இப்பின்னவரே. சிறிதெனத் தோன்றி ஏமாற்றுவதே இக்காயத்தின் இயல்பு.

இன்று, பகுதிக் கிழிவுக்குச் சில நாள் அடக்கத்தின்பின் படிப்படியாகப் பாரமேற்றும் பயிற்சியே முதன்மையான சிகிச்சை. நாண்கள் முற்றாகப் பிரிந்து விலகியிருப்பின், சில வாரங்களுக்குள் அவற்றை எலும்பில் மீளப் பொருத்தும் அறுவை பெரிதும் விரும்பப்படுகிறது. காலந்தாழ்ந்தால் நாண் சுருங்கி, நரம்போடு ஒட்டி, அறுவை கடினமாகும். இழுக்கும்போது 'டக்' என்ற ஓசையும் சில நாளில் தொடைப்பின்புறக் கன்றலும் கண்டவரை எண்ணெயோடு நிறுத்தாது காந்தப் படப்பிடிப்புக்கு அனுப்புதல் இதனாலேயே அவசியமாகிறது.

ஆயினும் கரைவலையில் வருவாய், பிடிபட்ட மீனின் பங்கு. 50 வாரம் கயிற்றைத் தொடாதிருப்பவனுக்கு எப்பங்கு? உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலி பல கரைகளில் தசையின் பாரத்தைக் குறைத்தது. கயிறு பிடிக்கும் கைகளின் தேவையையும் அதுவே குறைத்தது.